அவைக்கு வந்த விளையாட்டு

பல ஆண்டுகளுக்கு முன்பு, நான் பணிபுரிந்த அலுவலகம் ஒன்றில் ஒரு கூட்டம் நடந்தது. மாடியில் இருந்த நூலக அறைக்குப் புதிய இரும்பு அலமாரிகள் வாங்குவது பற்றிய கூட்டம் அது. தலைவர் பேசினார். அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவர் வழிமொழிந்தார். கணக்கர் விலையைப் பற்றி இரண்டு சொல் சொன்னார். சுவரோரம் நின்றிருந்த பியூன் வாய் திறக்கவில்லை. அவரை ஒருவரும் கேட்கவுமில்லை. அலமாரிகள் வந்து இறங்கிய அன்றுதான், மாடிப்படியின் திருப்பத்தில் அவற்றைத் திருப்ப முடியாது என்பது எங்களுக்குத் தெரிந்தது. பியூனுக்கு அது முன்பே தெரியும். நாள்தோறும் அந்தப் படிகளில் சுமை தூக்கி ஏறியவர் அவர் ஒருவர்தாமே? "அன்றைக்கே சொல்லியிருக்கலாமே" என்றேன். "பெரியவர்கள் பேசுகிற இடத்தில் நான் என்ன ஐயா சொல்வது?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

பலருடைய அறிவை ஓரிடத்தில் சேர்ப்பதற்கென ஏற்பட்டதே கூட்டம். ஆயினும் பதவியில் உயர்ந்தவரும், நாவன்மை உடையவரும், முந்திப் பேசுகின்றவருமே பெரும்பாலான கூட்டங்களை ஆளுகின்றனர். மற்றவர்கள் தலையசைக்கின்றனர். அவர்கள் வாளாவிருப்பது அறியாமையால் அன்று. சிலருக்கு அச்சம், சிலருக்குத் தாம் அறிந்ததைச் சொல்லாக்கிப் பழக்கமில்லை. இக்குறையைத் தீர்க்க உலகில் பல வழிகளை முயன்று பார்த்திருக்கிறார்கள். அவற்றுள் விந்தையான ஒரு வழியின் வரலாற்றையே இன்று சொல்ல விரும்புகிறேன். ஆராய வேண்டிய பொருளைப் பேச்சில் தொடங்காமல், கையில் எடுத்து ஆடக்கூடிய பண்டங்களில் தொடங்குவது அவ்வழி. வளர்ந்தவர்கள் அலுவல் நேரத்தில் விளையாடுவதா என்று மாணவ நண்பர்கள் நகைக்க வேண்டா. இவ்விளையாட்டுக்கு இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான மாலுமிகளின் உயிரும் அதனைப் பற்றி நின்றது.

முதலில் பிரஷ்யா நாட்டுக்குச் செல்வோம். நெப்போலியனிடம் தோற்றுத் தலைகுனிந்திருந்த நாடு அது. 1812ஆம் ஆண்டில் ரைஸ்விட்ஸ் என்னும் பிரபு ஒருவர், அரசர் மூன்றாம் பிரடெரிக் வில்லியத்துக்கு ஒரு மேசையைச் செய்து அளித்தார். குன்று, ஆறு, சாலை, சிற்றூர் ஆகியவை அமைந்த சதுரத் துண்டுகளை அம்மேசைமேல் வேண்டியவாறு மாற்றி அடுக்கலாம்; படைப்பிரிவுகளைக் குறிக்கும் சிறு கட்டைகளை அவற்றின்மேல் நகர்த்தலாம். அவருடைய மகன் பீரங்கிப் படையில் ஓர் இளம் அதிகாரி. அவர் தந்தையின் விளையாட்டைச் செப்பஞ்செய்து, மேசைக்குப் பதிலாக 8,000 அடியை ஓரடியாகச் சுருக்கிய நிலப்படத்தை வைத்து, 1824இல் விதிகளோடு வெளியிட்டார். ஆட்டத்தின் ஒவ்வொரு முறையும் போரில் இரண்டு நிமிடத்தைக் குறித்தது. இரு கட்சியாரும் தத்தம் ஆணைகளை நடுவரிடம் கொடுப்பர். சேதம் எவ்வளவு என்பதைப் பகடைக்காய் உருட்டி, அட்டவணை பார்த்து நடுவர் முடிவு கூறுவர். படைத் தலைமையகத்தின் தலைவராக இருந்த ம்யூஃப்லிங் ஆர்வமின்றித்தான் இதைப் பார்க்க அமர்ந்தாராம். ஆட்டம் நடக்க நடக்க அவர் மனம் மாறியது. இது விளையாட்டன்று, போருக்கேற்ற பயிற்சி என்று அவர் வியந்ததாக வரலாறு கூறுகிறது. படை முழுவதும் இதனைப் பயில வேண்டும் என்று அவரே பரிந்துரைத்தார். இதனை ஆக்கிய இளைஞரோ அடுத்த மூன்று ஆண்டுகளில், 1827இல், மறைந்துவிட்டார்.

இந்த ஆட்டத்தில் நாம் நோக்க வேண்டியது ஒன்று உண்டு. அதுவரை போர்முறை பற்றிய உரையாடலில் மூத்த தளபதியின் சொல்லே முடிவு. நிலப்படத்தின் முன்னிலையிலோ ஓர் இளம் அதிகாரி தம் கட்டையை ஆற்றின் அக்கரைக்கு நகர்த்தினால், அதன் விளைவை எல்லாரும் கண்ணால் காணலாம். பகடைக்குப் பதவி தெரியாது.

இனி, நூறு ஆண்டுகளுக்கு மேல் தாண்டி, இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்துக்கு வருவோம். ஆண்டு 1942. இரண்டாம் உலகப் போர் மூண்டு இரண்டு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. பிரிட்டன் ஒரு தீவு. அதன் உணவும் எண்ணெயும் படைக்கலங்களும் அட்லாண்டிக் மாகடலைக் கடந்து கப்பலில் வரவேண்டும். ஜெர்மானிய நீர்மூழ்கிகள் ஓநாய்க் கூட்டம்போல் காத்திருந்து, வணிகக் கப்பல்களை இரவில் தாக்கி மூழ்கடித்தன. அவ்வோர் ஆண்டில் மட்டும் நேச நாடுகள் நீர்மூழ்கிகளுக்கு இரையாக்கிய கப்பல்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. காவற்கப்பல்கள் உடன் சென்றும் பயனில்லை. அவை தாக்கியவனைத் தேடி எப்பக்கம் ஓடுவது என்பதிலேயே ஒருமித்த கருத்து இல்லை.

கில்பர்ட் ராபர்ட்ஸ் என்னும் கடற்படை அதிகாரி காசநோயால் 1938இல் பணியிலிருந்து விலக்கப்பட்டவர். கப்பலேறத் தகுதியற்றவர் என்று ஒதுக்கப்பட்ட அவரை 1942 ஜனவரியில் மீண்டும் அழைத்து, நீர்மூழ்கிகளை வெல்லும் வழியைக் கண்டுபிடிக்குமாறு லிவர்பூலுக்கு அனுப்பினர். டெர்பி ஹவுஸ் என்னும் கட்டடத்தில் இருந்தது அட்லாண்டிக் காவலின் தலைமையகம். அதன் மேல்மாடியில் அவருக்குச் சில அறைகள் கிடைத்தன. உதவிக்குக் கிடைத்தவர்கள், கடற்படையின் மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம் பெண்கள் சிலர். ரென் என்று அவர்களை அழைப்பது வழக்கம். அவர்களுள் ஜீன் லெய்ட்லா கணக்கில் வல்லவர். ஜேனட் ஓக்கெல் இருபது வயதை ஒட்டியவர். கடற்போரைக் கண்டவர் அவர்களுள் ஒருவருமில்லை.

அவர்கள் அறையின் தரையையே மாகடலாக்கினர். கப்பல்களுக்குச் சிறு மரத்துண்டுகள். அவை சென்ற வழிக்குச் சுண்ணக்கட்டிக் கோடுகள். தரையைச் சுற்றிலும் திரைகளைத் தொங்கவிட்டு, திரைக்குப் பின்னே ஆடுவோரை நிறுத்தினர். திரையில் ஒரு சிறு துளை. நள்ளிரவில் தம் கப்பலின் மேல்தளத்திலிருந்து ஒரு தளபதி எவ்வளவு காண்பாரோ, அவ்வளவே அத்துளையின் வழியே தெரியும். நேச நாட்டுக் கப்பல்களின் வழியை வெண்மையில் வரைந்தனர். நீர்மூழ்கியின் வழியை வரைந்ததோ பச்சைச் சுண்ணத்தில். துளைவழி சாய்வாகப் பார்க்கும் கண்ணுக்குப் பழுப்புத் தரைமேல் அந்தப் பச்சை புலப்படாது. ஆடுவோர் தம் ஆணையைத் தாளில் எழுதிக் கொடுக்க இரண்டே நிமிடம். பெண்கள் அத்தாளை வாங்கிக் கப்பலை நகர்த்துவர். பிரஷ்ய விளையாட்டின் இரண்டு நிமிடம் இங்கும் வந்து நிற்பதைப் பாருங்கள்.

அக்காலத்தில் ஜானி வாக்கர் என்று புகழ்பெற்ற ஒரு காவற்படைத் தலைவர் இருந்தார். வணிகக் கப்பல் ஒன்று தாக்கப்பட்டதும், காவற்கப்பல்கள் எல்லாம் வெளிப்புறமாக விரைந்து சென்று ஒளிகாட்டித் தேடவேண்டும் என்பது அவர் வகுத்த முறை. அவர் வீரர், வெற்றி கண்டவர். அவர் சொன்னதை மறுக்க எந்தக் கூட்டத்தில் யார் துணிவர்? ராபர்ட்ஸும் அப்பெண்களும் மறுக்கவில்லை. தரையில் ஆடிப் பார்த்தனர். நீர்மூழ்கி வெளியே இருந்தால்தான் அம்முறை பலிக்கும் என்பது புலனாயிற்று. அப்படியானால், அணியின் நடுவில் இருந்த கப்பல்கள் தாக்குண்டது எப்படி? வெளியே நெடுந்தொலைவிலிருந்து ஏவப்பட்ட குண்டு அங்கே சென்று சேர்வது அரிது. கட்டைகளை இப்படியும் அப்படியும் நகர்த்தியபோது விடை தரையிலேயே கிடைத்தது. நீர்மூழ்கி இரவில் நீர்மட்டத்தில் மிதந்தபடியே பின்புறமாக வந்து, கப்பல் வரிசைகளுக்கு உள்ளேயே நுழைந்துவிடுகிறது! தாக்கிய பிறகு நீரில் மூழ்கி, அணி தன்னைக் கடந்து போகட்டும் என்று காத்திருக்கிறது. ஆகவே காவற்கப்பல்கள் வெளியே ஓடுவதால் பயனில்லை. அணியின் பின்புறம் திரும்பி, வரிசையாகச் சல்லடை போட வேண்டும். இப்புதிய முறைக்கு லெய்ட்லா 'ராஸ்பெரி' என்று பெயரிட்டார். வாயால் காற்றை ஊதிப் பழிப்புக் காட்டுவதற்கு ஆங்கிலத்தில் அப்பழத்தின் பெயரைச் சொல்வார்கள். இட்லருக்குக் காட்டிய பழிப்பு அது.

தலைமைத் தளபதி சர் பெர்சி நோபில் முதலில் இதனை நம்பவில்லை. நேரில் வந்து தரையில் கண்ட பின்னரே நம்பினார். பிறகு கடலிலிருந்து கரைக்கு வந்த அதிகாரிகள் வாரந்தோறும் அந்த அறைக்கு வந்து ஆடலாயினர். போர் முடிவதற்குள் ஏறத்தாழ 5,000 அதிகாரிகள் அங்கே பயின்றனர். தாடி நரைத்த தளபதிகள் முழந்தாளிட்டுத் தரையில் சுண்ணக்கோடுகளை உற்று நோக்க, இருபது வயதுப் பெண் ஒருத்தி, "ஐயா, இந்த இடத்தில் இப்படித் திரும்பினால் நலம்" என்பதுபோல் மெல்லச் சொல்லும் காட்சியை எண்ணிப் பாருங்கள். மேசையைச் சுற்றி நாற்காலி போட்டு அமர்ந்திருந்தால் அச்சொல் பிறந்திருக்குமா? 1942 நவம்பரில் நோபிலுக்குப் பின் பொறுப்பேற்ற மாக்ஸ் ஹார்ட்டன் முதல் உலகப் போரில் பேர்பெற்ற நீர்மூழ்கித் தலைவர். நீர்மூழ்கியின் பக்கம் தாமே நின்று அவர் ஐந்து முறை ஆடினார். ஐந்து முறையும் தோற்றார். எதிரே காவற்கப்பலை நடத்தி அவரை வென்றவர் ஜேனட் ஓக்கெல் என்று பின்னர்த் தெரிந்துகொண்டார். சினந்தாரோ என்னவோ, அவ்வறையை மூடவில்லை. 1943 மே மாதத்தில் ஜெர்மனி நாற்பதுக்கும் மேற்பட்ட நீர்மூழ்கிகளை இழந்து, வட அட்லாண்டிக்கிலிருந்து தற்காலிகமாகப் பின்வாங்கியது. அவ்வெற்றிக்கு ரேடார், நெடுந்தூர விமானம் முதலிய காரணங்கள் பல. அந்தத் தரைவிளையாட்டும் அவற்றுள் ஒன்று.

அதே 1942ஆம் ஆண்டின் மே மாதத்தில், உலகின் மறுகோடியில் மற்றொரு விளையாட்டு நடந்தது. ஜப்பானியக் கடற்படையின் மாபெரும் போர்க்கப்பலாகிய யமாட்டோவில், மிட்வே தீவைத் தாக்கும் திட்டத்தை மேசைமேல் ஆடிப் பார்த்தனர். அமெரிக்க விமானங்கள் குண்டு வீசுவதாக ஆட்டத்தில் ஒரு கட்டம் வந்தது. பகடை உருட்டியதில் ஒன்பது குண்டுகள் பட்டன. அக்காகி, காகா என்னும் இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்களும் மூழ்கிவிட்டன என்று கணக்காயிற்று. அப்போது நடுவராக இருந்த உகாக்கி என்னும் உயர் அதிகாரி, பட்டவை மூன்று குண்டுகளே என்று திருத்தினார். அக்காகி பிழைத்தது. மூழ்கியதாகக் கொண்ட காகாவும் ஆட்டத்தின் அடுத்த பகுதியில் மீண்டும் கடலுக்கு வந்துவிட்டது. ஜப்பானிய அதிகாரிகள் இருவர் போருக்குப் பின் எழுதிய நூலினால் இச்செய்தி வெளிவந்தது. கூடியிருந்தோர் ஒருவரும் அப்போது எழுந்து மறுக்கவில்லை.

ஒரு மாதம் சென்றது. ஜூன் 4ஆம் நாள் மிட்வேயில் அக்காகியும் காகாவும், அவற்றோடு சோரியு, ஹிரியு என்னும் இரண்டும், ஆக நான்கு விமானந்தாங்கிகளும் அழிந்தன. மேசைமேல் தப்பியவை கடலில் தப்பவில்லை. அத்தோல்விக்கு விளையாட்டில் செய்த திருத்தமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஜப்பானியரின் மறைமொழியை அமெரிக்கர் முன்னரே படித்து அறிந்திருந்தனர், அதுவே பெருங்காரணம். ஆயினும், லிவர்பூல் அறையும் யமாட்டோ மேசையும் ஒரே ஆண்டில் ஒரே வகைக் கருவியைக் கையாண்டன அல்லவா? ஓரிடத்தில் கட்டை நின்ற இடத்தை எல்லாரும் ஏற்றனர். மற்றோரிடத்தில் பெரியவரின் கை கட்டையை எடுத்து வேறிடத்தில் வைத்தது. இவ்வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து நாம் காணப் போகும் விளையாட்டின் விதிகளுக்கு அதனோடு தொடர்பு உண்டு.

டென்மார்க்கில் பில்லுண்ட் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே தச்சுப் பட்டறை வைத்திருந்தவர் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன். உலகெங்கும் தொழில் நலிந்த 1932இல் வீட்டு வேலை கிடைக்காமல் அவர் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 1934இல் தம் தொழிலுக்கு 'லேகோ' என்று பெயரிட்டார். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரு டேனிஷ் சொற்களின் சுருக்கம் அது. 1949 முதல் ஒன்றன்மேல் ஒன்று பற்றிக்கொள்ளும் பிளாஸ்டிக் கட்டைகளை அவருடைய பட்டறை வெளியிட்டது. அவ்வடிவத்தை முதலில் எண்ணியவர் ஹிலரி பேஜ் என்னும் ஆங்கிலேயர் என்பதையும் சொல்லிவிடுவதே நேர்மை. 1958இல் கட்டையின் அடியில் குழல்களை அமைத்துப் பிடிப்பை உறுதியாக்கி உரிமை பெற்றனர். அவ்வாண்டிலேயே ஓலே கிர்க் காலமானார்.

கட்டைகளைக் கையில் கொடுத்துக் கற்பிப்பது டென்மார்க்கில் பிறந்த எண்ணமன்று. குழந்தைப் பள்ளியின் தந்தையாகிய ஃப்ரோபெல் 1837இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் மரப் பந்தும் கட்டையும் செய்து குழந்தைகளுக்குக் கொடுத்தார். அவர் அவற்றைப் பொம்மை என்று சொல்லவில்லை. 'கொடைகள்' என்றே குறித்தார். எட்டுச் சிறு கட்டைகளாகப் பிரியும் ஒரு பெரிய கட்டை அவற்றுள் ஒன்று. குழந்தை அதனைப் பிரித்துச் சேர்க்கும்போது தன் எண்ணத்தைத் தானே வெளியில் கண்டுகொள்கிறது என்பது அவர் கொள்கை. பிரஷ்ய அரசு இதிலும் ஏதோ ஆபத்து இருப்பதாக அஞ்சி, 1851இல் அவருடைய பள்ளிகளைத் தடை செய்தது. 1860 வரை தடை நீங்கவில்லை. குழந்தைகள் கட்டை அடுக்குவதைக் கண்டு ஓர் அரசாங்கம் நடுங்கிய கதையை மாணவர்கள் மறக்க மாட்டார்கள். பிற்காலத்தில் அமெரிக்காவில் சீமர் பேப்பர்ட் என்னும் கணித அறிஞர், ஜெனீவாவில் பியாஜேயிடம் கற்றவற்றைக் கொண்டு இக்கொள்கையை வளர்த்தார். பிறர் கண்டு ஆராயத்தக்க ஒரு பொருளைத் தன் கையால் ஆக்கும்போதுதான் மனிதன் நன்கு கற்கிறான் என்றார். அவருக்கும் பில்லுண்டுக் கம்பெனிக்கும் 1980களில் தொடர்பு ஏற்பட்டது.

தச்சரின் பேரன் கெல்ட் கிர்க் கிறிஸ்டியன்சன் 1979இல் கம்பெனியின் தலைவரானார். 1990களில் அவருக்கு ஒரு கவலை. கணிப்பொறி விளையாட்டுகள் குழந்தைகளைக் கவர்ந்துகொண்டிருந்தன. எதிர்காலத்தைப் பற்றி ஆராய மேலாளர்களைக் கூட்டினார். குழந்தைகளின் கற்பனைக்குத் தீனி செய்து விற்கும் கம்பெனியின் மேலாளர்கள், தம் கூட்டத்தில் கற்பனை ஒன்றுமின்றிப் பழைய பாதையிலேயே பேசிக்கொண்டிருந்தனர். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஒரு மேலாண்மைக் கல்லூரி உண்டு. அங்கே பேராசிரியர்களாக இருந்த யோஹான் ரூஸ், பார்ட் விக்டர் இருவரும் இதே குறையைப் பல நிறுவனங்களில் கண்டிருந்தனர். மூவர் பேச்சிலும் ஓர் எண்ணம் தோன்றியது: பிறருக்கு நாம் விற்கும் கட்டைகளை நம் கூட்டத்திலேயே ஏன் கொட்டக் கூடாது?

முதலில் கொட்டியபோது அவ்வளவாகப் பலிக்கவில்லை. கட்டைகளைக் கொடுத்தால் மட்டும் போதுமா? கம்பெனியின் கல்விப் பிரிவில் ஆராய்ச்சிப் பொறுப்பில் இருந்த ராபர்ட் ராஸ்முசன் இதனைக் கையில் எடுத்து, பலமுறை ஆடிப் பார்த்து, திருத்தித் திருத்தி ஓர் ஒழுங்கான முறையாக்கினார். 2002இல் அது 'லேகோ சீரியஸ் பிளே' என்னும் பெயருடன் வெளிவந்தது. பெயரை நம் மொழியில் சொல்வதானால், கருத்தூன்றிய விளையாட்டு எனலாம்.

அதன் நடைமுறை இது. கூட்டத்தை நடத்துபவர் ஒரு கேள்வி கேட்பார். 'உங்கள் பணிக்கு எது தடையாக நிற்கிறது?' என்பது போன்ற கேள்வி. ஒருவரும் வாயால் விடை சொல்லக் கூடாது. ஒவ்வொருவரும் சில நிமிடங்களுக்குள் தம் விடையைக் கட்டைகளால் கட்ட வேண்டும். தலைவருக்கும் விலக்கு இல்லை, எழுத்தருக்கும் இல்லை. பிறகு ஒவ்வொருவராகத் தாம் கட்டியதைக் காட்டி அதன் கதையைச் சொல்ல வேண்டும். ஒருவர் சுவர் ஒன்றைக் கட்டி, அதன் இப்பால் ஒரு மனித உருவையும் அப்பால் மூவரையும் வைத்திருக்கலாம். 'என் மேலாளர்கள் நான் சொல்வதைக் கேட்பதில்லை' என்று அவர் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டார். 'இந்தச் சுவருக்குக் கதவு இல்லை' என்று சொல்வது அவருக்கு எளிது. கேட்போரும் அவரை நோக்கிக் கேள்வி எழுப்பாமல் அந்தச் சுவரை நோக்கியே எழுப்புவர். 'சுவர் ஏன் இவ்வளவு உயரம்? இந்தச் சிவப்புக் கட்டை எதற்கு?' என்பர். குற்றஞ்சாட்டும் தொனி குறைந்துவிடுகிறது. கண்கள் முகத்தை விட்டுப் பொருளின்மேல் படிகின்றன.

இவ்விதிகளுள் இரண்டு மிகவும் இன்றியமையாதவை என்பது என் கருத்து. முதலாவது, எல்லாரும் கட்டுவது, எல்லாரும் சொல்வது. பார்வையாளர் என்று ஒருவரும் இல்லை. இரண்டாவது, கட்டியதற்குப் பொருள் சொல்லும் உரிமை கட்டியவருக்கே உரியது. 'நீர் கட்டியிருப்பது பாலமன்று. அது ஏணி' என்று தலைவர் சொல்ல முடியாது. அனைவர் கட்டியவற்றையும் சேர்த்துப் பொது வடிவம் ஒன்றை ஆக்கும்போதும், ஒருவருடைய பகுதியை அவர் இசைவின்றி மாற்றுவது முறையன்று. யமாட்டோ மேசையில் இவ்விதி இருந்திருந்தால் என்று நினைக்கத் தோன்றுகிறது. ஆனால் அங்கே அதைச் சொல்லத் துணிந்தவர் இருந்திருக்க மாட்டார்.

இம்முறையைத் தொழிலாகக் கொண்டோர் கூறும் பெருமைகளை எல்லாம் நான் அப்படியே நம்புவதில்லை. விளையாட்டு நடந்த அன்று எல்லாரும் முகமலர்ந்து செல்வதும், மறுநாள் அந்தச் சுவர் அப்படியே நிற்பதும் உண்டு. கேட்டதன்மேல் செயல்பட மனமில்லாத தலைவர்க்கு எத்தனை கட்டை இருந்தும் என்ன பயன்? இன்னும் ஒன்று: இதனைக் கண்ட கம்பெனிக்கே இது காப்பாகவில்லை. 1998இல் லேகோ தன் வரலாற்றிலேயே முதன்முறையாக நட்டம் கண்டது. 2003, 2004 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நட்டம் மிகப் பெரிதாயிற்று. கெல்ட் கிர்க் தலைமைப் பதவியை, குடும்பத்தைச் சேராத இளைஞர் யோர்கன் விக் நுட்ஸ்டார்ப்பிடம் ஒப்படைத்தார். பிறகுதான் கம்பெனி தலைநிமிர்ந்தது. பலவகைப் பண்டங்களைக் குறைத்ததும், செலவைக் கட்டுப்படுத்தியதும், பழைய கட்டைக்கே திரும்பியதும் அதற்குக் காரணங்கள். கட்டைகள் எண்ணங்களை வெளிப்படுத்தும், கணக்கை நேராக்கா.

2010இல் கம்பெனி இம்முறையின் அடிப்படையை எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விட்டது. அதன்பின் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் அரசு அலுவலகங்களிலும் பல நாடுகளில் இது பரவியது. பெயர்பெற்ற அந்தக் கட்டைகளே வேண்டும் என்பதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. லிவர்பூலில் இருந்தவை மரத்துண்டும் சுண்ணக்கட்டியும்தாமே?

இம்முறையில் தொடக்கப் பயிற்சியாகப் பெரும்பாலும் ஒன்றைச் செய்வார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே வகையான ஆறு கட்டைகளைக் கொடுத்து, ஒரு நிமிடத்துக்குள் ஒரு வாத்து செய்யச் சொல்வார்கள். எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கட்டைகள் ஆறினை எத்தனை வகையாகச் சேர்க்கலாம் என்று கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்துக் கணித அறிஞர் ஒருவர் கணித்திருக்கிறார். 91,51,03,765 வகை என்பது விடை. மேசையைச் சுற்றிப் பார்த்தால் அந்த எண் பொய்யன்று என்று தோன்றும். ஒருவருடைய வாத்துக்குக் கழுத்து நீளம், ஒன்றுக்கு வால் மட்டும் பெரிது, ஒன்று பறக்கிறது, ஒன்று உறங்குகிறது. தலைவரின் வாத்தும் அவற்றின் நடுவே நிற்கும். அது தலைவருடையது என்று சொன்னாலன்றித் தெரியாது.

என் பழைய அலுவலகத்து அலமாரிகள் கடைசிவரை மாடிக்கு ஏறவில்லை. கீழ்த்தளத் தாழ்வாரத்தில் அவற்றை நிறுத்தினோம். நூல்கள் மாடியிலிருந்து இறங்கி வந்தன. இறக்கிச் சுமந்தவர் அந்தப் பியூனே.